முன்வரிசைச் சிரிப்பு

இயற்பியல் பேராசிரியர் ஜோக் அடித்தால் அந்த வகுப்பறையில் இரண்டு தடவை சிரிப்பு கேட்கும். முதலில் பின்வரிசைகள் சிரிக்கும். அது அடங்கி, அவர் பலகைப் பக்கம் திரும்பிய பிறகு, முன்வரிசையில் இருக்கும் ஆறு பேர் சிரிப்பார்கள். அவர்களுக்குக் காது கேட்காது. பேராசிரியர் பேசப் பேச, சுவரில் இருக்கும் திரையில் அது எழுத்தாக வரும். அதைப் படித்துத்தான் அவர்கள் பாடம் கேட்கிறார்கள். சில நேரம் அந்த எழுத்து வந்து சேர நான்கு விநாடி ஆனது.

பழி டைப்பிஸ்ட் அக்கா தலையில் விழுந்தது. பதினோரு வருடமாக அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து, கேட்பதையெல்லாம் தட்டுகிறவர். வயது நாற்பத்தெட்டு. "கை சோர்ந்துடுச்சு போல" என்று துறைத் தலைவர் முடிவுகட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வேறொரு பெண் சோதனைக்கு வருவதாக ஏற்பாடு.

"கை சோர்ந்துடுச்சாம்," என்றார் அக்கா, வாயில் பாதி பிஸ்கட்டோடு. "பிசிக்ஸ் சாரோட ஜோக் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் வாயத் திறக்குறதுக்குள்ள நான் அடிச்சு முடிச்சுடுவேன். நீயே சொல்லு, ஒயரு."

ஒயர் என்பது கல்லூரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பட்டப்பெயர். எப்போதும் தோளில் ஒரு சுருள் ஒயர் கிடக்கும். இருபத்தாறு வயது. அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறவர். அவர்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் இவள்தான். அதனால் வீட்டில் ஃபோன் நின்றாலும் ஃபேன் நின்றாலும், "நம்ம இன்ஜினியர் வரட்டும்" என்று அப்பா எடுத்து வைத்துவிடுவார். இவளும் வந்து எப்படியோ சரிசெய்துவிடுவாள். அந்த 'எப்படியோ'தான் அவளை அரித்தது. யாரோ இணையத்தில் எழுதி வைத்ததைப் பார்த்துத் தட்டுகிறோம், வேலை நடந்துவிடுகிறது. ஏன் நடந்தது என்று ஒருநாள் யாராவது கேட்டால் என்ன சொல்வது?

இந்தத் தடவையும் அப்படித்தான் தொடங்கினாள். அக்காவின் கணினி ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்த்தது. வகுப்பை வீடியோவாகப் பதிவு செய்யும், அதைச் சுருக்கிச் சேமிக்கும், அக்கா தட்டும் எழுத்தைத் திரைக்கு அனுப்பும். சுமை ஏறினால் மூச்சு முட்டத்தானே செய்யும். எந்த வேலைக்கு எப்போது முறை என்று பங்கு போட்டுக் கொடுப்பது இயங்குதளத்தின் அடிமடியில் இருக்கும் கர்னல். அது பழைய பதிப்பு. பங்கு போடத் தெரியாத கர்னல்தான் குற்றவாளி என்று ஒயர் நினைத்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுத்து பலமுறை திக்கியது. அன்று மாலை, அக்காவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, மாணவர்கள் போனதும் மூன்று கர்னல்களை வைத்துச் சோதித்தாள். பழையது, புதியது, மேசைக் கணினிக்கென்றே செதுக்கியது. விசையைத் தொடும் விரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி ஃபோனை நிறுத்தி, மெதுவோட்டத்தில் படம் எடுத்தாள். விரல் இறங்கியதிலிருந்து எழுத்து தோன்றும்வரை எத்தனை படச்சட்டம் என்று ஒவ்வொன்றாக எண்ணினாள். மூன்றுக்கும் மயிரிழை வித்தியாசம். பழையதே அப்படியொன்றும் மோசமில்லை. அதுவே அவளை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. புதியதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. ஒயர் நேரே துறைத் தலைவர் அறைக்குப் போனாள்.

"சரியாயிடுச்சு சார். அக்கா மேல தப்பில்ல. கர்னல்தான்."

"ஏன் சரியாச்சு?"

அந்தக் கேள்வி வந்தேவிட்டது. "புதுசு சார், அதான்" என்றாள்.

புதன்கிழமை காலை, இயற்பியல் வகுப்பு நடுவே, எழுத்து பழையபடி நின்றது. பிறகு மூன்று வரி ஒரேயடியாக வந்து கொட்டியது. முன்வரிசையில் ஒரு மாணவி அக்காவைத் திரும்பிப் பார்த்து, கையை விரித்தாள்.

"உங்க கர்னல் மாறிடுச்சு," என்றார் துறைத் தலைவர். "திக்குறது மாறலையேம்மா. வெள்ளிக்கிழமை வர்றவங்க வரட்டும்."

அன்று மாலை ஒயர் மறுபடி அந்த அறைக்குப் போனாள். இந்த முறை முன்கூட்டிச் சொல்லாமல் போனாள். சொல்லும் தைரியம் இல்லை. அவள் கதவருகே வருவதைப் பார்த்ததும் அக்கா பரபரவென்று விசைப்பலகையைத் துடைத்தார். கணினியில் செருகியிருந்த எதையோ உருவி, மேசை டிராயரில் போட்டு மூடினார்.

"என்னக்கா அது?"

"ஒண்ணுமில்ல, பிசிக்ஸ் சாரோட பென் டிரைவ். கிளாஸ் வீடியோவ நேரா அதுல ஏத்திடச் சொல்வாரு, அப்புறம் எடுத்துட்டுப் போக மறந்துடுவாரு."

"அத ஏன் கழட்டுனீங்க?"

"மெஷின் பாக்க ஆள் வரும்போது அடுத்தவங்க சாமான் செருகிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கு? தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"திங்கட்கிழமை நான் வந்தப்பவும் கழட்டுனீங்களா?"

"பின்ன? தொடச்சு வச்சேன், நாற்காலிகூட இழுத்துப் போட்டேன். நீ கவனிக்கவே இல்ல."

ஒயர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விருந்தாளி வரும்போது வீட்டை ஒதுக்கி வைப்பதுபோல, அக்கா நோயையே ஒதுக்கி வைத்திருக்கிறார்.

"செவ்வாய்க்கிழமை யாரு கிளாஸ்க்கா?"

"கணக்கு மேடம். அவங்க எதையும் செருக மாட்டாங்க."

அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. டிராயரிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகச் சொன்னாள். "வகுப்புல எப்படியோ, அப்படியே அடிங்க. எனக்காக எதையும் மாத்தாதீங்க." பதிவை ஓடவிட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினாள், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள். பென் டிரைவ் இருந்தால் பழைய கர்னலில் நான்கு விநாடி. புதியதில் இரண்டு. செதுக்கியதில் ஒன்றரை. பென் டிரைவ் இல்லாவிட்டால் மூன்றிலும் கண்ணுக்கே தெரியாத தாமதம்தான்.

அந்தப் பென் டிரைவ் எழுதுவதில் ஆமை. அது எழுதி முடிக்காத வீடியோவைக் கணினி தன் நினைவகத்தில் குவித்துக்கொண்டே போகும். குவியல் அளவு மீறினால், பழையது இறங்கும்வரை புதிதாக எழுத வருகிற எல்லோரையும் நிறுத்தி வைக்கும். அக்காவின் எழுத்து நிரலும் வரிக்கு வரி தன் கோப்பில் சேமிக்கும். அதுவும் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றது. கர்னலை மாற்றியதில் வலி குறைந்தது. நோய் அப்படியே இருந்தது. ஒயர் இதை அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எங்கும் பார்த்துப் படிக்காமல் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்ப என் கை?"

"உங்க கை நல்லாத்தான் இருக்குக்கா. நான்தான் ஒழுங்கா பாக்கல."

வியாழக்கிழமை காலை துறைத் தலைவரைக் கையோடு அழைத்து வந்தாள். "செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தப்பு சார். காரணம் தெரியாமலே சொல்லிட்டேன்" என்று முதலில் அதைச் சொல்லி முடித்தாள். பிறகு பழைய கர்னலில் பதிவை ஓடவிட்டு, பென் டிரைவைச் செருகி, கொஞ்ச நேரம் காத்திருந்து, "உங்க பேர அடிங்க சார்" என்றாள்.

அவர் அடித்தார். முதல் இரண்டு எழுத்து வந்தது. மீதி வரவில்லை. இன்னும் அழுத்தி அடித்தார். திடீரென்று பெயர் இரண்டரை தடவை வந்து விழுந்தது.

"வயசாயிடுச்சு சார்," என்றார் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி. "கை சோர்ந்துடும்."

துறைத் தலைவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சரி, இதுக்கு என்ன வழி?" என்றார்.

"வீடியோவ உள்ள இருக்குற டிஸ்க்லயே ஏத்துவோம். கிளாஸ் முடிஞ்சு பென் டிரைவுக்குக் காப்பி பண்ணிக் குடுக்கலாம். பிசிக்ஸ் சார் பத்து நிமிஷம் காத்திருக்கணும். குவியலுக்கும் சின்னதா ஒரு வரம்பு வச்சிடுறேன்."

"பத்து நிமிஷம் அவர் சும்மா நிப்பாரா? எங்கிட்ட வந்து ஜோக் சொல்ல ஆரம்பிச்சுடுவாரு," என்று முனகினார். வெளியே போய், சோதனைக்கு வரவிருந்த பெண்ணுக்கு ஃபோன் போட்டு, இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொன்னது வராந்தாவிலிருந்து கேட்டது. 'இப்போதைக்கு' என்ற சொல்லை அக்காவும் கேட்டார், ஒயரும் கேட்டாள். நாளைய வகுப்பு மிச்சம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒயர் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். துறைத் தலைவர் வாசலில் நின்றார். பேராசிரியர் உராய்வு விசையைப் பற்றித் தொடங்கினார். திரையில் எழுத்து அவர் வாயைத் தொட்டுக்கொண்டே வந்தது. பாதி வகுப்பில் அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். அக்கா முதுகை நிமிர்த்தினார்.

"உராய்வு மட்டும் இல்லைன்னு வைங்க," என்று இழுத்தார் பேராசிரியர். "நான் இந்தக் கதவு வழியா உள்ள வந்த வேகத்துல..."

முன்வரிசை சிரித்தது.

பேராசிரியர் நின்றுவிட்டார். பின்வரிசைக்காரர்கள் ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரையில், அவர் இன்னும் சொல்லாத மீதி, முற்றுப்புள்ளியோடு நின்றுகொண்டிருந்தது: அந்தக் கதவு வழியா வெளிய போயிருப்பேன், உங்களுக்கும் நிம்மதி.

வாசலில் நின்ற துறைத் தலைவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நகர்ந்தார். அக்கா திரும்பவில்லை. விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி, அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்.