வியாகுலத்தின் ஸ்பீக்கர்களும் என் உள்ளங்கையும்

என் தம்பி வியாகுலம் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கும் அறையில் வேலை செய்தான். ஆனால் எங்கள் தோட்டத்தில் அவனை அந்த வேலையை வைத்து யாரும் அடையாளம் சொல்வதில்லை. றொசல்ல ஸ்டேசனில் இறங்கி, "ஸ்பீக்கர் செய்யிற வியாகுலம் வீடு எது?" என்று கேட்டால் போதும், தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில், ஏழாம் நம்பர் லயத்து வீட்டு வரிசைக்குக் கைகாட்டி விடுவார்கள்.

யாரும் அவனுக்கு ஸ்பீக்கர் வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை. சித்தப்பா விட்டுப்போன ரேடியோவை மூன்று தரம் பிரித்துக் கெடுத்தான். நாலாம் தரம் அது பாடியது. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது.

எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் கிடையாது. புது ஸ்பீக்கர் வாங்க நினைத்தவனும் வாங்க முடியாது. இருபது, முப்பது வருசத்துப் பழைய ஸ்பீக்கர்களைத்தான் எல்லாரும் வைத்துக் காப்பாற்றினார்கள். எங்கள் ஊர் ஈரத்தில் அதன் காகிதக் கூம்பு பூஞ்சணம் பிடித்துத் தளர்ந்துவிடும். விளிம்பை எலி கடிக்கும். வியாகுலம் கிழிந்த இடத்தில் பட்டம் ஒட்டும் காகிதத்தைப் பசை தடவி ஒட்டுவான். விளிம்புக்கு என் பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலையை வட்டமாக வெட்டுவான். கூம்பின் நடுவே இருக்கும் கம்பிச்சுருள், காந்தத்துக்குள் ஒரு மயிரிழை இடைவெளியில் தொடாமல் நிற்க வேண்டும். அதற்காக ஹட்டன் ஸ்டூடியோவில் கழித்துப்போட்ட நெகட்டிவ்களை வாங்கி வந்து, மெல்லிய கீற்றாக நறுக்கி, பசை காயும் வரை நாலு பக்கமும் செருகி வைப்பான். மழைக் காலத்தில் லயத்துக்குள் எதுவும் காயாது. ஸ்டோருக்குக் கொண்டுபோய், அங்கே பொறுப்பாக இருக்கும் டீமேக்கர் ஐயாவிடம் சொல்லிவிட்டு, காயவைக்கும் அறையில் ஒரு மூலையில் தொங்கவிடுவான். காந்தத்துக்குள் தூசி விழாதபடி மூடிக் கட்ட அதற்கென்றே ஒரு துணி வைத்திருந்தான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது. சின்ன வயதில் காதில் சீழ் வைத்து அவனுக்கு வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதில் தடித்த சத்தம் கேட்கும், நுணுக்கமான சத்தம் கேட்காது. கம்பிச்சுருள் காந்தத்தில் உரசினால் பாட்டுக்கு அடியில் மணல் தேய்ப்பது போல ஒரு சத்தம் வரும். அது அவனுக்குக் கேட்காது.

கூம்பில் கன்னத்தை வைத்து அதிர்வைப் பார்ப்பான். அது முக்கால்வாசி சொல்லும். மிச்சத்துக்கு நான். திருத்தி முடித்ததும் எங்கள் ரேடியோவில் மாட்டிப் பாட விடுவான். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். உரசினால் கையை மூடிக்கொள்வேன். சுத்தமாக இருந்தால் உள்ளங்கையை விரிப்பேன். வந்தவர்கள், பாட்டுக் கேட்கத்தான் மரியநாயகி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். காது கேட்காதவனிடம் யார் ஸ்பீக்கரைக் கொடுப்பார்கள் என்ற பயம் அவனுக்கு. அதனால் நானும் வாய் திறக்கவில்லை.

1976 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்க்கணக்கு இராமையா மாமா மழையில் நனைந்துகொண்டு பெரிய மரப்பெட்டி ரேடியோவைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, அவர் குடும்பம் ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகும் கடுதாசி வந்துவிட்டது. வியாழக்கிழமை பத்து மணிக்கு லொறி.

"எலி கடிச்சிருச்சு தம்பி. மூட்டை கட்டயில பாக்குறேன், இப்படிக் கெடக்கு."

கூட வந்த லெட்சுமி அத்தை, "என்னைய விட்டுட்டுப் போகச் சொன்னாக்கூட போயிருவாரு. அந்தப் பொட்டிய விட்டுட்டுப் போக மாட்டாரு," என்றார்.

"இருவத்தஞ்சு வருசமா இதுதான் என்னைய எதுத்துப் பேசாம இருக்கு," என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் இங்கயே பொறந்தவன் தம்பி. அங்க ஒரு மொகம் தெரியாது எனக்கு. இதாவது தெரிஞ்ச குரலா இருக்கட்டுமேன்னுதான். அங்க போயி கெட்டுச்சுன்னா நான் யாரத் தேடிப் போவேன்?"

"கெடாம செஞ்சு தர்றேன் மாமா," என்றான் வியாகுலம்.

திங்கள் முழுதும் ஒட்டினான். செவ்வாய் ஸ்டோரில் காய்ந்தது. புதன் சாயங்காலம் வீட்டில் பாட விட்டான். நான் கையை மூடினேன். ஆணியைத் தளர்த்தி, கூம்பை அரை நூல் நகர்த்திப் பூட்டினான். மறுபடியும் மூடினேன். மூன்றாம் தரமும் மூடினேன். பசை பட்டு அவன் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. நாலாம் தரம் பாட விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டு மெதுவாகப் போகும்போது சுத்தமாக இருந்தது. மத்தளம் ஓங்கும் இடத்தில் மட்டும் லேசாக மணல் தேய்த்தது.

நான் உள்ளங்கையை விரித்தேன்.

அவன் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். கூம்பின் நடுவில் தூசி மூடியை ஒட்டி, பெட்டியில் பூட்டி, சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். மாமா செய்தியைச் சின்னதாக வைத்துக் கேட்டாராம், தம்பி கையைப் பிடித்துக்கொண்டாராம். சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான். நான் என் தட்டை மூடி வைத்தேன்.

காலையில் தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்துவிட்டு, அவனுடைய இடது பக்கமாக உட்கார்ந்து சொன்னேன். "தம்பி, அது ஒரசுது. மத்தளத்துக்கு மட்டும் ஒரசுது. நேத்தே எனக்குக் கேட்டுச்சு."

கோப்பையைக் கீழே வைத்தான். "அப்பறம் ஏங்க்கா கைய விரிச்ச?"

"ஒன் மொகத்தப் பாத்துட்டு மூட முடியல."

"ஸ்பீக்கர் என் மொகத்துலயா இருக்கு?"

பிளேட், ஒட்டுப் பிளாஸ்டர், பசைக் குப்பி மூன்றையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். நான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், கங்காணி வீரய்யாவிடம் இன்றைக்கு எனக்கு வேலைப் பேர் வேண்டாம் என்றேன். "லொறி ஏறப் போறது அவுங்களா நீயா?" என்று கேட்டார். தம்பிக்குப் பின்னால் இறங்கினேன்.

மாமா வீட்டில் எல்லாம் மூட்டையாகியிருந்தது. ரேடியோவைக் கம்பளியில் சுற்றிக் கயிறு போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் வாசல் நிறைய நின்றார்கள்.

"மாமா, கட்ட அவுக்கணும். இன்னும் சரியாகல," என்றான் வியாகுலம்.

"நேத்து நல்லாத்தானே பேசுச்சு?"

"சின்னதா வச்சுக் கேட்டீங்க. பெருசா வச்சா ஒரசும்."

"அத நேத்தே கேக்கலயா நீ?"

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். என் மீது பழியைப் போட்டுவிடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தாலும் நியாயம்தான்.

"எனக்கு அந்தச் சத்தம் கேக்காது மாமா," என்றான். "சின்னப் புள்ளையிலருந்தே காது அப்படித்தான். அக்காதான் எனக்குக் கேட்டுச் சொல்லும்."

மாமா அவனை உற்றுப் பார்த்தார். "காது கேக்காதா ஒனக்கு?"

"சின்னச் சத்தந்தான் கேக்காது. அத்தை பேசுறது நல்லாக் கேக்கும்."

முதலில் சிரித்தது லெட்சுமி அத்தைதான். "அவுத்து விடுங்க கயித்த," என்றார்.

ஸ்பீக்கரைக் கழற்றி, நடுவில் ஒட்டிய மூடியைப் பிளேடால் மெல்லப் பிரித்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கம்பிச்சுருளைச் சுற்றி, அந்த மயிரிழை இடைவெளியில், கறுப்பாகத் தேயிலைத் தூள். செவ்வாய்க்கிழமை அவசரத்தில் துணியைக் கட்ட மறந்திருக்கிறான். ஆணியை எத்தனை தரம் நகர்த்தினாலும் அது எப்படிப் போகும்?

நெகட்டிவ் கீற்றின் நுனியில் பிளாஸ்டரை ஒட்டி, உள்ளே விட்டு, ஒவ்வொரு துகளாக ஒற்றி எடுத்தான். எடுத்ததை இராமையா மாமா தன் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"நாப்பது வருசம் இந்தத் தூசியத் தின்னேன்," என்றார். "எனக்கு இருமலக் குடுத்தது போதாதுன்னு பொட்டியிலயும் ஏத்தி விடப் பாத்தியே தம்பி."

மூடியைத் திரும்ப ஒட்ட வேண்டும், பசை காய நேரமில்லை. அத்தை அடுப்பைக் கடைசியாக அணைத்திருந்தார். சாம்பலுக்குள் சூடு இருந்தது. அதற்கு மேலே ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றான். மேலே ரோட்டில் லொறி ஹோன் அடித்தது. யாரும் நகரவில்லை.

ரேடியோவில் பூட்டினான். கோயில் மேளம் வைத்த ஒரு பாட்டு வந்தது. மாமா சத்தத்தைக் கூட்டினார். தம்பி கன்னத்தை வைக்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் கையை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மேளம் ஓங்கியது. கேட்டேன். தணிந்து மறுபடி ஓங்கியது. அப்போதும் கேட்டேன். பாட்டு முழுதும் முடிந்த பிறகுதான் உள்ளங்கையை விரித்தேன்.

"நெசமா?" என்றான்.

"நெசமா."

லொறியில் மாமா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வளைவு திரும்பும் வரை கைகாட்ட முடியவில்லை அவரால், இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தார்.

காது விசயம் அன்றைக்கே கணக்கு முழுதும் பரவியது. ஸ்பீக்கர் கொண்டுவருகிறவர்களில் ஒரு ஆள்கூடக் குறையவில்லை. எண்பதுகளில் தலவாக்கலை, கொட்டகலை கோயில்களிலிருந்து குழாய் ஸ்பீக்கர்களும் வந்தன. வருகிறவர்கள் இப்போது என்னைப் பார்த்து, "அக்கா இருக்குதா? அப்ப குடுத்துட்டுப் போறோம்," என்று சொல்வார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு தம்பி என்னிடம் எதையும் இரண்டு தரம் கேட்காமல் விட்டதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. நான் சம்பாதித்தது அது.

மறுவருசம் மாமாவிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. வெயில் தாங்கவில்லை, அத்தைக்குக் கால் வீக்கம், மூத்தவனுக்கு நூற்பாலையில் வேலை. அவ்வளவுதான். வியாகுலம் அதை மூன்று தரம் படித்தான். ரேடியோவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"கெட்டிருந்தா எழுதியிருப்பாருல்ல?" என்றான்.

"கட்டாயம் எழுதியிருப்பாரு."

கடிதத்தை மடித்து, நெகட்டிவ் கீற்றுகள் வைக்கும் தகரப் பெட்டியில் போட்டான். கொஞ்ச நேரம் வேலை பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"அன்னைக்கு மேளத்துக்கு ஒரசலதானே அக்கா?"

நான் உள்ளங்கையை விரித்தேன்.

"நெசமா?"

மற்றக் கையையும் விரித்துக் காட்டினேன்.