‘எம். சுகுமார்’ என்று நான் எழுதிய பெயர்

1. சரிபார்ப்பு

சரிபார்ப்புக் குழுவினர் வந்த திங்கட்கிழமை காலையில் கோப்பைகளை ஏற்றிச் சுடுவதற்கு உள்ளே தள்ளும் சூளை வண்டி பாதிதான் அடுக்கப்பட்டிருந்தது. ஓர் அதிகாரியும் இரண்டு காவலர்களும் வந்திருந்தார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்கள் என்ற பெயரில் பிற நாட்டார் எவரேனும் வேலை செய்கிறார்களா என்று தொழிற்சாலை தொழிற்சாலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் அவர்களை அலுவலகத்தில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, தொழிலாளர் பதிவேட்டை மேசைமீது விரித்து வைத்தேன்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் தனியார் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். வேதியியல் பட்டதாரி. கடைசிப் பத்தொன்பது ஆண்டுகள் மேலாளர். ஓய்வுபெற ஐந்து மாதங்கள் இருந்தபோது நடந்ததை இங்கே எழுதுகிறேன். இன்று அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் படிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

எங்களிடம் வெளிமாநிலத்தார் பதினோரு பேர் இருந்தார்கள். பத்துப் பேர் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். அவர்களுடைய பெயர்களை கான்ட்ராக்டரின் ஆள் ஆதார் அட்டையைப் பார்த்து அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். கிறுக்கல்தான். ஆனாலும் பத்தும் சரியாகப் பொருந்தின. பதினோராமவர் சுகுமார். அவர் எங்கள் நிரந்தரத் தொழிலாளி. அவருடைய வரியை நானே என் கையால் எழுதியிருந்தேன்.

அதிகாரி ஆதார் அட்டையையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கார்டுல சுகுமார் மண்டல், அப்பா பேரு கோபால் மண்டல். உங்க ரிஜிஸ்டர்ல எம். சுகுமார், அப்பா பேரு மண்டல். இ.எஸ்.ஐ. கார்டுலயும் அதேதான் இருக்குது. இதுல எதுங்க சரி?”

சூளை வண்டியிலிருந்து அழைத்துவரப்பட்டிருந்த சுகுமார், கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, “சார், அது…” என்று தொடங்கினார்.

“நாங்க பேசிட்டிருக்கோமில்ல சுகுமார், குறுக்க பேசக் கூடாது” என்றேன். பிறகு அதிகாரியிடம் சொன்னேன்: “சார், நான் எழுதுன ரிஜிஸ்டர்ல அடிச்சித் திருத்தல் ஒண்ணு கிடையாது. எந்த இன்ஸ்பெக்‌ஷன்லயும் ஒரு குறிப்பு வாங்கினதில்ல.”

“அப்ப கார்டுலதான் சந்தேகம்ங்கிறீங்க.”

“அதை நீங்கதான் பார்க்கணும்.”

அவர் தலையசைத்தார். வங்காளத்தில் சொந்த மாவட்டத்திலிருந்து பதில் வரும்வரை சுகுமாரை ஒரு சமுதாயக் கூடத்தில் வைத்திருக்கப்போவதாகச் சொல்லி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் எனக்கு எந்த உறுத்தலும் ஏற்படவில்லை. சட்டம் தன் வேலையைச் செய்கிறது என்றே நினைத்தேன்.

2. யார் அந்த சுகுமார்

அவர் எங்களிடம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை, சூளை வண்டியில் சரக்கு அடுக்குவது. எளிதாகத் தோன்றும். ஆனால் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு பூசிய கோப்பைகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் கிளேஸ் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடைவெளி கூடினால் எரிவாயு வீணாகும். சுகுமார் அடுக்கிய வண்டியில் ஒட்டிய கோப்பை ஒன்றை நான் பார்த்தது அபூர்வம். அதனால்தான் முதலாளியிடம் பேசி அவரை நிரந்தரமாக்கினேன். அன்று பதிவேட்டில் அவருடைய பெயரை முத்து முத்தாக எழுதியதும் நினைவிருக்கிறது.

ஆட்கள் அவரைச் சீண்டுவார்கள். “என்னா மண்டலம், நீ எந்த மண்டலம்? விழுப்புரம் மண்டலமா, கும்பகோணம் மண்டலமா?” என்று போக்குவரத்துக் கழகத்தை வைத்துக் கேலி. அவரும் விடமாட்டார். “நான் ஸ்பேர் பஸ்ஸு அண்ணே, எந்த ரூட்டுலயும் வுடலாம்” என்பார். எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசினார்.

வெளியூர் ஆட்களை ஏன் வைத்தீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சீனக் கோப்பை நம் கடைத்தெருவில் நாம் வாங்கும் களிமண் விலைக்கு வந்து இறங்கிய பிறகு, சூளைச் சூட்டில் நிற்க உள்ளூரில் எவரும் முன்வரும்படியான கூலியைத் தர எங்களைப் போன்ற சிறு ஆலைகளால் முடியவில்லை. இறக்குமதி வரியை உயர்த்த வேண்டும் என்று உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்களில் விடாமல் பேசியவன் நான். ஒவ்வொரு கோப்பையின் அடியிலும் அது பிறந்த நாடு அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்று மனு எழுதியவனும் நானே. இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சந்தைக்கும் எல்லை வேண்டும், நாட்டுக்கும் எல்லை வேண்டும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்கும் உரிமை அரசுக்கு உண்டு.

சுகுமாரின் மனைவி மாலதி. மகள் பூர்ணிமாவுக்கு அப்போது ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. அங்கன்வாடியில் தமிழ் எழுத்துகள் கற்றிருந்தாள். முதல் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்று பேச்சு வந்தபோது, தொழிற்சங்கத்துக்காரர்கள் அரசுப் பள்ளிதான் என்றார்கள். சுகுமார் என்னிடம் வந்தார்.

“சார், நாளைக்கி நான் எந்த ஊருல இருப்பேன்னு தெரியாது. தமிழ் மட்டும் படிச்சா அங்க போனா ஒண்ணும் புரியாது. வங்காளி மட்டும் படிச்சா இங்க புரியாது. இங்கிலீஷு படிச்சா ரெண்டு ஊருலயும் பொழச்சிக்கும் சார்.”

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது பெற்றவரின் முடிவு. அரசு அதற்கு உதவலாமே தவிர, இதுதான் உன் பள்ளி என்று கைகாட்டக் கூடாது. இது என் நெடுநாள் கொள்கை. ஆகவே தனியார் பள்ளியில் இலவச ஒதுக்கீட்டுக்கான விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். குலுக்கலில் பூர்ணிமாவின் பெயர் விழுந்தது. அன்று சுகுமார் ஆலை முழுவதற்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பெற்றோர் மூல ஆவணங்களுடன் நேரில் வர வேண்டும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அந்த வாரத்துத் திங்கட்கிழமைதான் சரிபார்ப்புக் குழு வந்தது.

3. மறியல்

புதன்கிழமை காலையில் பஸ் நிலையத்துக்குப் போகும் சாலையில் மறியல். பல தொழிற்சாலைகளிலிருந்தும் பிடித்துவைத்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி தொழிற்சங்கத்தாரும் மாணவர்கள் சிலரும் நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சிப் பஸ் நின்றுபோய், அதிலிருந்து இறங்கிய எங்கள் ஆலைப் பெண்கள் வெயிலில் நடந்து வந்தார்கள். எனக்குக் கோபம். சாலையில் உட்கார்ந்து எழுப்பும் முழக்கத்தால் எந்தக் கோப்பும் நகராது, வேலைக்குப் போகிறவர்களின் அரைநாள் கூலிதான் போகும் என்று அலுவலகத்தில் உரக்கவே சொன்னேன்.

கிளேஸிங் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் அஞ்சலை கதவோரம் நின்றிருந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அவங்க கெடக்குறாங்க சார். நான் ஒண்ணு கேக்கலாமா?”

“சொல்லும்மா.”

“சுகுமாரு தம்பிக்கு ரெண்டு அப்பா பேருன்னு சொன்னாங்களாம். மண்டலுங்கிறது அப்பா பேரு இல்ல சார். அது அவங்க வூட்டுப் பேரு.”

அவள் தொடர்ந்தாள்.

“என் பெரியவன் குஜராத்துல டைல்ஸ் கம்பெனியில இருக்கான்ல. பேரு முருகவேலு. அங்க எல்லாரும் அவன ராமலிங்கம், ராமலிங்கம்னு கூப்புடுறாங்களாம். அது எங்க வூட்டுக்காரரு பேரு. ஒருநாளு போனு பண்ணி எவனோ ராமலிங்கத்தக் கேக்குறான். போய்ச் சேந்த மனுஷன எங்கேருந்து கூப்புட்டுத் தர்றதுன்னு வெச்சிட்டேன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “நமக்கு அப்பா பேரு முன்னாடி. அவங்களுக்கு வூட்டுப் பேரு பின்னாடி. நீங்க பின்னாடி இருந்தத எடுத்து முன்னாடி போட்டுட்டீங்க சார்.”

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ‘எம். சுகுமார், த/பெ மண்டல்.’ நம் வழக்கப்படி தலைப்பெழுத்து வைத்து, நம் வழக்கப்படி தகப்பனார் பெயர் எழுதி, அழகாக ஒரு தவறு செய்திருந்தேன். அதே வரியிலிருந்துதான் இ.எஸ்.ஐ. அட்டைக்கும் விவரம் போயிருந்தது. சுகுமாரிடம் நான் கேட்டே எழுதவில்லை. அன்று அவர் வாய் திறந்தபோதும் நான்தான் அடக்கினேன்.

“வெள்ளிக்கிழம புள்ளைக்கு ஸ்கூலுல பேப்பரு பாக்குறாங்க சார். இன்னிக்கே ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா…”

“நான் பார்த்துக்கிறேன். நீ வேலையைப் பாரு.”

4. மூன்று நாள்கள்

எழுத வேண்டியது நான்கு வரிகள். பதிவேட்டில் உள்ளது என் பிழை, அட்டையில் உள்ளதே சரி என்று ஆலைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். புதன்கிழமை மாலை தாளை எடுத்து வைத்தேன். எழுதவில்லை.

காரணத்தை மறைக்க விரும்பவில்லை. அதிகாரியின் முகத்துக்கு நேரே, திருத்தலே இல்லாத பதிவேடு என்று சொல்லியிருந்தேன். இரண்டு நாள் கழித்து அதே மனிதரிடம், பெயரும் தகப்பன் பெயரும் தவறு என்று நீட்ட என் கை வரவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் சேர்த்த நற்பெயர் கடைசி ஐந்து மாதத்தில் போக வேண்டுமா என்று நினைத்தேன். சொந்த மாவட்டத்திலிருந்து பதில் எப்படியும் வரும், வந்தால் என் கடிதமில்லாமலே விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமையும் அப்படியே போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலதி மகளை அழைத்துக்கொண்டு தனியாகப் பள்ளிக்குப் போனாள். ஆதாரில் ஒரு பெயர், நான் கொடுத்திருந்த வேலைச் சான்றில் வேறொரு பெயர். தகப்பனாரை வரச்சொல்லுங்கள் என்றார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பள்ளிக்காரர்களும் மாலைவரை காத்திருந்தார்கள். பிறகு விதிப்படி, காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பிள்ளைக்கு இடம் போயிற்று. பள்ளியை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். காகிதம் நான் எழுதியது.

சனிக்கிழமை காலை அஞ்சலை வந்து இதைச் சொன்னாள். நான் எழுதவில்லையா என்று அவள் கேட்கவில்லை. மேசைமீது கிடந்த வெற்றுத்தாளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகுதான் எழுதினேன். நானே பஸ் ஏறிப் போய் அதிகாரியிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இத திங்கக்கிழமையே சொல்லியிருந்தா நான் கூட்டிட்டே போயிருக்க மாட்டேனே சார்.” மரியாதையாகத்தான் சொன்னார். அதற்கு நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுகுமாரை விட்டுவிட்டார்கள். புதன்கிழமையே கொடுத்திருந்தால் வெள்ளிக்கிழமை காலை அவர் பள்ளி வாசலில் நின்றிருப்பார்.

5. சான்றிதழ்

ஒரு வாரத்தில் சுகுமார் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் புறப்பட முடிவுசெய்தார். அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், தலைமையாசிரியையிடம் நானே பேசுகிறேன், அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றெல்லாம் சொன்னேன்.

“ஸ்கூலு மட்டும் இல்ல சார்” என்றார். “அந்த மண்டபத்துல ஆறு நாளு இருந்தேன். என் பேரு என்னான்னு ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க. எவ்வளவு வாட்டி சொன்னாலும் ரிஜிஸ்டர்ல அப்படி இல்லன்னு சொன்னாங்க. ஊருல என் பேரச் சொன்னா எவனும் பேப்பரு கேக்க மாட்டான்.”

“தப்பு என்னோடதுதான் சுகுமார்.”

“தெரியும் சார். அன்னிக்கே தெரியும்.”

“அப்புறம் ஏன் ஆபீஸ்லயே சொல்லல?”

“நீங்க பேசாதன்னு சொன்னீங்களே சார்.”

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னார். ஆறு ஆண்டுகள் என் பேச்சைத் தட்டாமல் வேலை செய்தவர் அன்றும் தட்டவில்லை, அவ்வளவுதான்.

அனுபவச் சான்றிதழ் கேட்டார். இம்முறை பெயரை அவரையே எழுத்தெழுத்தாகச் சொல்லச்சொல்லி எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். சரி என்றார். பதிவேட்டிலும் பழைய வரியை ஒரே கோடாக அடித்து, மேலே சரியான பெயரை எழுதிச் சிறு கையொப்பமிட்டேன். முப்பத்தொரு ஆண்டுகளில் நான் போட்ட முதல் திருத்தல் அது. அதே வரியின் கடைசிக் கட்டத்தில் அவர் விலகிய நாளையும் எழுத வேண்டியிருந்தது.

எல்லை காக்கப்பட வேண்டும், ஆவணங்கள் பார்க்கப்பட வேண்டும் என்பதில் நான் இன்றும் மாறவில்லை. மறியலும் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் சரிபார்க்க வருகிறவர் நாம் எழுதி வைத்ததைத்தான் சரிபார்க்கிறார். நாம் தவறாக எழுதியிருந்தால், அவருடைய நேர்மையும் அந்தத் தவறுக்கே வேலை செய்கிறது. ஆகவே மேலாளராக இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு. பெயரை அதற்குரியவரிடம் கேட்டு எழுதுங்கள், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். பிழை தெரிந்தால் தெரிந்த அன்றே உங்கள் கையொப்பத்தோடு ஒப்புக்கொள்ளுங்கள். நான் மூன்று நாள் தாமதித்துக் காப்பாற்றிக்கொண்ட நற்பெயரால் எவருக்கும் ஒரு பயனும் இல்லை. பிரிவுபசாரக் கூட்டத்தில் முதலாளி என் பதிவேட்டைப் புகழ்ந்தபோது அஞ்சலை இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடையிலிருந்து இறங்கும்வரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அவளைக் கடைத்தெருவில் பார்த்தேன். சுகுமார் போனில் பேசியதாகச் சொன்னாள். பூர்ணிமா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“அங்க ஸ்கூலுல சேத்துட்டாங்களாம் சார். அந்த ஊரு எழுத்து ஒண்ணும் தெரியாதுன்னு சின்னப் புள்ளைங்களோட உக்கார வெச்சிருக்காங்களாம்” என்றாள். “பேரு எழுதச் சொன்னா தமிழுல எழுதுதாம். டீச்சரு அழிச்சிட்டு மறுபடி எழுதுன்றாங்களாம்.”

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.