லைசென்ஸ் இல்லாத ரேடியோ

சிலோனிலிருந்து வந்து சேரங்கோட்டில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் குடியேறிய என் வயதான பெற்றோருக்கு, விலை குறைவாக ஒரு ரேடியோ தேடினேன். லயனில் மின்சாரம் இல்லாததால், பேட்டரியில் பாடும் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றைக் குன்னூரில் வாங்கிக் கொடுத்தேன். ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் எடுக்க வேண்டிய லைசென்ஸ் புத்தகத்தைப் பிறகு தருவதாக விற்றவர் சொன்னதை நம்பியதுதான் என் பிழை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். ரேடியோ லைசென்ஸ் சோதனையாம். அப்பா அவரிடம் எடுத்துக் கொடுத்திருந்ததோ பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும். பல வருடங்களாக எந்த அதிகாரி எதைக் கேட்டாலும் அவற்றையே நீட்டிப் பழகியவர் அவர். அவை தொலைந்தால், லயன் வீட்டில் இருப்பதற்கே வேறு ஆதாரம் கிடையாது.

"அபராதத்தக் கட்டிட்டு கூடலூர்ல வந்து வாங்கிக்குங்க" என்று அந்த மனிதர் அவற்றைப் பைக்குள் வைத்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "ஏனுங்க, இன்னிக்குத் தபாலாபீஸ் லீவுங்களே?"

"ஸ்பெஷல் டூட்டிங்க."

"அப்ப உங்க கார்டைக் காட்டுங்க. எஸ்டேட் ஆபீசர் வீடு பக்கந்தான். அவரு முன்னாலயே எழுதிக்கலாம்."

"கார்டு ஜீப்புல இருக்குதுங்க" என்றவர், காகிதங்களை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனார். ஜீப் சத்தம் கேட்கவே இல்லை.

மறுநாளே அப்பா பெயரில் லைசென்ஸ் எடுத்தேன். இப்போதெல்லாம் எந்தப் பழைய பொருளையும் அதற்குரிய காகிதம் கைக்கு வந்த பிறகே வாங்குகிறேன். அப்பாவிடமும், யார் கேட்டாலும் காட்டலாம், கையில் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

போன வாரம் ஒரு விவரம் பார்க்க நானே குடும்ப அட்டையைக் கேட்டேன். அப்பா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "அங்கருந்தே பாத்துக்க மகன்" என்றார்.