உதட்டில் வைத்த தூரிகை

ஜாடியின் கழுத்தில் மீன் வரைந்துகொண்டிருந்தபோது என் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிப்போனது. வலி இல்லை. விரல்களைத் தூக்கப் பார்த்தேன், எழவில்லை. தூரிகை மடியில் விழுந்து சேலையில் பச்சையாய்த் தீற்றியது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு முப்பத்து மூன்று வயது.

அதற்கு முன்பே ஐந்தாறு மாதங்களாக வயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், வாயில் இரும்பை நக்கியதுபோல் ஒரு சுவை. பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, சக்கரமும் சூளையும் வைத்திருந்தேன். வேலை மும்முரத்தில் உடம்பைக் கவனிக்கவில்லை. இப்படிச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களை எனக்கு இப்போது பிடிப்பதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

காரைக்குடியில் நான் பார்த்த மருத்துவர் என் கையைத் தொடக்கூட இல்லை.

"கல்யாணம் ஆகலையா?"

"இல்லை டாக்டர்."

"அதான். மனசுல ஏக்கத்த வச்சுக்கிட்டிருந்தா கைகாலு இப்படித்தாம்மா சொல்பேச்சுக் கேக்காது."

சத்து மாத்திரை எழுதித் தந்தார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. உங்கள் மருத்துவரும் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். அவருடைய சோம்பலுக்கு உங்கள் நரம்பைக் கொடுக்காதீர்கள்.

காளையார்கோவிலில் பள்ளி ஆசிரியராக இருந்த என் தம்பி சேவியர்தான் என்னை மதுரைக்குக் கூட்டிப்போனான். அங்கே நரம்பு மருத்துவர் ஒரு பெண். என் கீழுதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார். பல்லை ஒட்டி நீலமாக ஒரு கோடு ஓடியது.

"என்ன வேலை செய்றீங்க?"

"படம் வரைவேன். மண்பாண்டம் செய்வேன்."

"பாண்டத்து மேல என்ன பூசுறீங்க?"

கிளேஸ் (சுட்ட மண்ணின் மேல் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு) என்றேன். அதற்கும், படம் வரையும் நிறத்துக்கும் சிவப்புத் தூள் ஒன்று சேர்ப்பேன் என்றேன்.

"அது ஈயம். பிரஷ்ஷ வாயில வைக்கிற பழக்கம் உண்டா?"

"நாள் முழுக்க வப்பாக டாக்டர்" என்றான் சேவியர்.

சென்னையில் ஐந்து வருடம் ஓவியம் படித்தேன். "நுனி ஊசியா வரணுமா, உதட்டுல வை. அருவருப்புப் படுறவங்க ஆபீஸ் வேலைக்குப் போகலாம்" என்பார் எங்கள் ஆசிரியர். அதைக் கலை என்று நம்பினோம். நிறங்களின் பெயர்கள் மனப்பாடம். எந்த நிறம் எதனால் ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு இரண்டு வருடம் ஒரு மண்பாண்டப் பட்டறையில். அங்கே தூளைச் சலிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டினால் சிரிப்பார்கள். ஏழு வருடப் பயிற்சியில் நான் குறையில்லாமல் கற்றது, விஷத்தை நளினமாகச் சாப்பிடுவது. தூள் வந்த டப்பாவில் மண்டையோடு போட்டிருந்தது. படம் பார்க்கத் தெரிந்தவள் என்று பட்டம் வாங்கியவள் நான்.

கீலேஷன் (இரத்தத்தில் உள்ள உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் சிகிச்சை) தொடங்கினார்கள். ஐந்து நாள் மருந்து ஏறும், பிறகு இடைவெளி, மறுபடி ஐந்து நாள். மணிக்கட்டை நிமிர்த்திப் பட்டை வைத்துக் கட்டினார்கள். தலை சீவிவிட, ஜாக்கெட் கொக்கி மாட்டிவிட ஆள் வேண்டியிருந்தது.

இரண்டாம் சுற்று முடிந்த அன்று மருத்துவர் கேட்டார்: "அந்தப் பாத்திரத்துல யாராவது சாப்பிடுறாங்களா?"

அதுவரை என் கையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விற்றவை ஊறுகாய் ஜாடிகள். புளிப்பு பட்டால் ஈயம் கரையும் என்றார்.

பட்டையோடே சேவியரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பதினோரு வீடுகள். பத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள். பள்ளத்தூர் மீனாட்சி ஆச்சி மட்டும் கொடுக்கவில்லை.

"குடுத்த சாமானத் திருப்பிக் கேக்குறது என்ன பழக்கம்? சீக்கு ஒங்க கையில. ஜாடி என்ன பண்ணுச்சு?"

"இதுல உள்ளதத் தின்னுதான் ஆச்சி எனக்குக் கை தொங்குச்சு."

"ஒரு வருசமாத் திங்கிறோம். நல்லாத்தான இருக்கோம்!"

உள்ளேயிருந்து அவர் மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "சின்னவ ஒரு மாசமா வயித்து வலின்னு அழுகுறா."

ஆச்சி திரும்பி அவளை முறைத்தார். அந்த நேரத்தில் முற்றத்து ஓரத்தில் இருந்த ஜாடியை நான் இடது முழங்கையால் தள்ளினேன். அது உடைந்து எலுமிச்சை ஊறுகாய் முற்றமெங்கும் சிதறியது.

"படிச்ச பிள்ள செய்ற வேலையா இது?" என்று ஆச்சி கத்தினார்.

படித்த பிள்ளை செய்த வேலை அந்த ஜாடிதான்.

மறுநாளே மருமகள் குழந்தையை மதுரைக்குக் கொண்டுபோனாள். இரத்தத்தில் ஈயம் இருந்தது, அதிகமில்லை. சில மாதங்களில் வலி நின்றது. ஆச்சி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்குக் குறையில்லை.

என் விரல்கள் எழ ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் சுட்டுவிரல், கடைசியில் சுண்டுவிரல். இப்போது ஈயமில்லாத பூச்சுதான். பளபளப்பு போதவில்லை என்று முகம் சுளிக்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.

கடைசிப் பரிசோதனையன்று, முழுதும் போய்விட்டதா என்று கேட்டேன். இரத்தத்தில் குறைந்துவிட்டது, எலும்பில், அதிலும் கால் எலும்பில், தங்கியிருக்கும் என்றார் மருத்துவர். "வயசாகி எலும்பு தேயுறப்ப கொஞ்சம் கொஞ்சமா திரும்ப இரத்தத்துல இறங்கும்."

பார்க்கிறவர்கள் "பூரணமா குணமாயிட்டீகளே" என்கிறார்கள். தலையாட்டி வைக்கிறேன். அவர்களுக்கு முதுமை எங்கோ தூரத்தில் இருக்கிறது. எனக்கு அது முன்னதாகவே வந்து, முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. நான் அதன்மேல்தான் எழுந்து நடக்கிறேன்.