ஒரே பெயரில் இரண்டு ஃபைல்

அறுபத்து மூன்று எர்ரர்!

போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் கம்ப்யூட்டர் திரை கொடுத்த வரவேற்பு இது. ஒன்பதரைக்கு நான் விஸ்வநத்தத்தில் இருந்தாக வேண்டும்.

அங்கே ஒரு பட்டாசு கம்பெனியில் மாரியப்பன் அண்ணாச்சி சூப்பர்வைசர். மருந்து கலக்கும் அறையில் காற்று ரொம்பக் காய்ந்துவிட்டால் ஆபத்து. உடம்பில் சேரும் நிலைமின்சாரத்திலிருந்து தெறிக்கிற ஒரு சின்னப் பொறி போதும். போன மாதம் அப்படித்தான் தெறித்தது... நல்லவேளை, ஒரு பெண்ணின் கைமுடி கருகியதோடு போயிற்று.

"காத்து காஞ்சா கத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க சார்" என்றார். பாலிடெக்னிக் வாத்தியார் நான், மறுப்பேனா?

ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். ஈரப்பதம் அளக்கிற சென்சாரை இயக்க ஒரு லைப்ரரி, அதாவது ஒரு ஆணைத்தொகுப்பு; எண்ணைக் காட்டுகிற டிஸ்ப்ளேவுக்கு இன்னொன்று. இரண்டும் என் கைவண்ணம், தனித்தனி ஃபைல். சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்ற, தனித்தனியே கம்பைல் செய்தால் சமர்த்து. சேர்த்தால்? டிஸ்ப்ளே சமாச்சாரம் எதைக் கேட்டாலும் 'அப்படி ஒன்று இல்லவே இல்லை' என்கிறது கம்பைலர். கண்ணெதிரே இருக்கிறதே ஐயா!

டியூட்டிக்குக் கிளம்பிய என் மனைவி கிரேஸ் எட்டிப் பார்த்தாள். நர்ஸ்.

"ஏங்க, ரெண்டு ஃபைலுக்கும் மேல ஒரே பேரு எழுதியிருக்கீக?"

"அதுக்கென்ன?"

"எங்க வார்டுல ரெண்டு முத்துலட்சுமி வந்தா அம்புட்டுதான். ஒருத்திக்கு ஊசி போட்டாச்சுன்னு இன்னொருத்திய விட்ருவாக."

எனக்குப் பொறி தட்டியது! ஒரு ஃபைலை கம்பைலர் இரண்டு முறை படிக்காமலிருக்க, அதன் தலையில் ஒரு அடையாளப் பெயர் வைப்போம். சென்சார் ஃபைலை காப்பி அடித்து டிஸ்ப்ளே ஃபைல் செய்த நான், அந்தப் பெயரை மாற்றவில்லை. 'இதைத்தான் படித்தாச்சே' என்று கம்பைலர் தாண்டிப் போய்விட்டது.

ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன்.

எர்ரர் — பூஜ்யம்! நான் போட்ட கூச்சலில் கிரேஸ் கையிலிருந்த டிபன் பாக்ஸை நழுவவிட்டாள்.

விஸ்வநத்தத்தில் சென்சாரை மட்டும் அறைக்குள் வைத்து, சிப்பும் டிஸ்ப்ளேவும் அலாரமும் உள்ள பெட்டியை வெளியே மாட்டினோம். வெயில் ஏற ஏற, எண் இறங்கியது. பதினோரு மணிக்கு... கீஈஈ!

"கைய எடுத்துட்டு வெளிய வாங்க தாயீ, எல்லாரும்!" அண்ணாச்சி குரல் கொடுத்தார். நான்கு பெண்கள் பத்திரமாக வெளியே வந்தார்கள். தரையில் தண்ணீர் தெளித்தார்கள். எண் மெல்ல ஏறியது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இடம் பட்டாசு கம்பெனி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

வேப்பமர நிழலில் நின்ற ஒரு அக்கா கேட்டார்: "இது கத்துறப்பல்லாம் டீ உண்டா சார்?"

அதற்குத் தனியாக ஒரு லைப்ரரி எழுத வேண்டும்!