மலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, அடிபிடிக்காமல் கிளறி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தத்தைப் போட்டு இறக்கினால், வெந்த மாவின் இனிப்பும் துத்தத்தின் கசப்பும் கலந்த ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவும். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், ஆவணி மாதத்து வெயிலில், பூதலூர்ப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த வாசனை இரண்டு நாள் நின்றது. ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிற சேகர் அண்ணன் ஒரு வாளி நிறையப் பசையோடு வந்து, எங்கள் கூடத்துச் சுவரில் வெளிநாட்டு மலை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்.

அதற்கு அப்போது "சீனரி" என்று பெயர். எட்டுத் துண்டுகளாகச் சுருட்டி விற்பார்கள். சேர்த்து ஒட்டினால் ஒரு சுவரை முழுதாக மறைத்துவிடும். பனி மூடிய மலை, அதன் காலடியில் நீல ஏரி, கரையில் இலையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பழுத்த மரங்கள். கண்ணாடி "ஷோகேஸு"க்குள் மெழுகு ஆப்பிளும் பிளாஸ்டிக் ரோஜாவும் வைப்பதும், ஓட்டுக்குக் கீழே தெர்மோகோல் அட்டையை அடித்து அதில் ஜிகினா நட்சத்திரம் ஒட்டுவதும் வீட்டுக்கு அழகு என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஆனாலும் "சீனரி" இருக்கிற வீடு ஒரு படி மேல். அம்மா அதைத் தஞ்சாவூரில் ஓர் அதிகாரியம்மா வீட்டில் பார்த்துவிட்டு வந்தாள். அன்று முதல் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் அவள் கண்ணுக்கு வெறும் சுவராகத் தெரிய ஆரம்பித்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஆசையைப் புரியவைக்க முடியாது. அவள் பெயர் லூர்துமேரி. எட்டு வயதில் நாற்று முடியைக் கையில் பிடித்து வயலில் இறங்கியவள், நடவு இல்லாத நாட்களில் பள்ளிக்கூடம் போய்ப் பத்தாம் வகுப்பு முடித்து, "பால்வாடி டீச்சர்" ஆனவள். அப்பா மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர். இருவரும் சேர்ந்து கட்டிய அந்த வீடுதான் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் கல்வீடு. தரைக்குச் சிவப்புச் சிமெண்டு பூசியிருந்தார்கள். தேய்க்கத் தேய்க்க அதில் முகம் தெரியும். கூடத்தில் ஒரு பெரிய ஜன்னல், மரக்கதவு, இரும்புக் கம்பி. அதைத் திறந்தால் வேலிகூட இல்லாமல் நேராக வயல். பழைய மிராசு வயல். அம்மா எட்டு வயதில் இறங்கியது அந்த வயலில்தான்.

அம்மாவின் தங்கை, எனக்குப் பிலோமி சின்னம்மா, அப்போதும் அந்த வயலில்தான் நட்டுக்கொண்டிருந்தாள். உச்சிவேளையில் வரப்பேறி ஜன்னலுக்கு வந்து, முழங்கால் வரை சேறோடு நின்றுகொண்டு, "ஏக்கா, ஒரு சொம்பு தண்ணி குடேன்" என்பாள். கம்பிக்கு இடையில் சொம்பு நுழையாது. அம்மா டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுப்பாள். சின்னம்மா குடித்துவிட்டுப் பின்னால் நிற்கிற பெண்களுக்கும் வாங்கிக் கொடுப்பாள். அதற்குள் இரண்டு பேரும் ஊர்க்கதை அத்தனையும் பேசி முடித்துவிடுவார்கள். விடுமுறை நாட்களில் டம்ளர் நீட்டுகிற வேலை எனக்கு. சின்னம்மாவின் விரல் நுனியில் எப்போதும் சேறு காய்ந்திருக்கும். டம்ளரில் அந்த ரேகை பதியும்.

அந்த ஆவணியில் ஸ்டெல்லா அக்காவுக்கு ஓர் இடம் வந்தது. அக்கா நர்சிங் முடித்திருந்தாள். திருச்சிப் பக்கத்து மாப்பிள்ளை, அரசாங்க வேலை. குடும்பத்தோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா உடனே சீனரி வாங்கிவிட்டாள். எட்டுத் துண்டையும் ஒட்ட இடம் இருந்தது ஒரே ஒரு சுவரில்தான். அது ஜன்னல் இருந்த சுவர்.

"ஜன்னல் மேல எப்படிக்கா ஒட்டுறது?" என்று சேகர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"கதவச் சாத்திட்டு மேல பிளைவுட் அடிச்சிருங்க, தம்பி. அதுக்கு மேல ஒட்டிக்கலாம்" என்றாள் அம்மா. எல்லாவற்றையும் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள் என்பது அந்தப் பதிலின் வேகத்திலேயே தெரிந்தது.

அப்பா அதிகம் பேசாதவர். அன்று மட்டும், "காத்து வர்ற வழிய அடைச்சுப்புட்டு ஏரி படத்த ஒட்டுறியே லூர்து" என்றார்.

"பொறந்ததுலேர்ந்து அந்த வயலத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். என் வீட்டுல உக்காந்து வேற எதையாவது பாக்கணும் எனக்கு" என்றாள் அம்மா. அப்பா தானே போய் ஆணி வாங்கி வந்தார்.

அவள் சொன்னது பாதிதான். மீதியை நான் வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஜன்னலில் சேறும் சகதியுமாக ஒரு முகம் வந்து நின்று "ஏக்கா" என்று கூப்பிட்டுவிடுமோ என்று அவள் பயந்திருக்கிறாள்.

ஒட்டி முடித்தபோது தெருவே வந்து பார்த்தது. ஏரியில் மிதந்த படகு இரண்டு துண்டுகளின் நடுவில் மாட்டிக்கொண்டு, அதன் பின்பாதி முன்பாதியைவிட ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை; கவனித்த நான் சொல்லவில்லை. அம்மா எதிர்ச்சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் அவ்வளவு இளசாக இருந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாளே கூடம் அடுப்படியைவிடச் சூடானது. பனிமலையைப் பார்த்துக்கொண்டு நாங்கள் வியர்த்துக் கொட்டினோம். மூன்றாம் நாள் சனிக்கிழமை; நான் வீட்டில் இருந்தேன். சம்பா நடவு ஆரம்பித்திருந்தது. உச்சிவேளையில் மலைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. டொக், டொக். ஜன்னல் கதவை வெளியிலிருந்து தட்டுகிறார்கள். பிறகு, பலகைக்கும் காகிதத்துக்கும் அந்தப் பக்கம், எங்கோ தூரத்தில் இருப்பதுபோல, "ஏக்கா... அக்கா இல்லியா?" என்ற குரல்.

நான் டம்ளரைத் தேடி எழுந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் ஏரியைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். இன்னும் இரண்டு தட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. தெருவைச் சுற்றி வாசல் பக்கம் வருவாள் என்று காத்திருந்தேன், வரவில்லை. சேற்றுக் காலோடு அவள் எங்கள் வாசல் வழியாக ஒருநாளும் வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அன்று சாப்பிடவில்லை. கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. வேனில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். வியர்வையில் சந்தனம் கரைந்து நெற்றியில் கோடு கோடாக வழிந்தது. மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரர். முதலில், "படம் ரொம்ப நல்லாருக்குங்க" என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. சற்று நேரத்தில் அந்த அம்மாள் ஜெபப் புத்தகத்தால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். அப்புறம் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து, "தப்பா நினைக்காதீங்க, இந்த வீட்டுக்கு ஜன்னலே வைக்கலியா?" என்று கேட்டார்.

பொய் சொல்லவே தெரியாத அப்பா, "இருக்குங்க. அந்த மலைக்குப் பின்னாடி இருக்கு" என்றார்.

உள்ளே காப்பி டம்ளர்களோடு நின்றிருந்த அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. நேராகச் சுவரிடம் போனாள். பசை விட்டிருந்த ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, பலகை விளிம்போடு மலையை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள். "சுத்தியல எடுத்துட்டு வாங்க" என்றாள் அப்பாவிடம். அப்பா ஆணிகளைப் பிடுங்க, சந்தனம் வழிந்த மொட்டைத் தலையோடு சம்பந்தியாக வேண்டியவர் எழுந்துவந்து பலகையின் இன்னொரு முனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பலகையை இறக்கியதும் அம்மா கம்பிக்குள் கையைவிட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

காற்று வந்தது. சேற்று வாசனையும் நாற்று வாசனையும் வந்தது. கண் கூசுகிற பச்சைக்கு நடுவில் வரிசையாகக் குனிந்திருந்த பெண்கள் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பிலோமி!" என்று அம்மா கூப்பிட்டாள். "வாடி! உன் மவளப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க!"

சின்னம்மா நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேல கிடக்குக்கா. நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துவிட்டாள்.

அம்மா கம்பியைப் பிடித்தபடியே திரும்பினாள். "என் தங்கச்சிங்க. கூடப் பொறந்தவ. நானும் இந்த வயல்ல நட்டவதான்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா, "காத்து நல்லா வருதுங்க" என்றார், குடிக்கத் தண்ணீர் கேட்டார், காப்பியும் குடித்தார். போகும்போது அக்காவின் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

அந்த இடம் அமையவில்லை. பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வயல் காரணமா, வெயில் காரணமா, நாங்கள் சிரித்தது காரணமா, தெரியாது. அக்கா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரத்தநாட்டில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு இன்றுவரை நன்றாக இருக்கிறாள். அப்போது அம்மாவை வாட்டியது அதுவல்ல. ஜன்னல் திறந்தே கிடந்தது. மூன்று வாரம் சின்னம்மா அந்தப் பக்கம் வரவில்லை. தினமும் உச்சிவேளையில் அம்மா குடத்தில் தண்ணீர் நிரப்பி ஜன்னலடியில் வைத்தாள். சாயந்தரம் அதைச் செடிக்கு ஊற்றினாள்.

ஒருநாள் கம்பியில் டங்கென்று சத்தம். சின்னம்மா தூக்குச்சட்டியின் மூடியால் தட்டிக்கொண்டு நின்றாள். அம்மா ஓடினாள். டம்ளர் கைமாறியது. சின்னம்மா குடித்து முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பாதி பனியும் பாதி சுண்ணாம்புமாக நின்ற சுவரை எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, அந்த மலை அம்புட்டு அழகா இருந்துச்சாமே. ஊரே வந்து பாத்துச்சாம். எனக்குக் காட்டாமலே கிழிச்சுப்புட்டியே!"

அம்மா கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னம்மா, "விடுக்கா, சேறு" என்று சொல்லிக்கொண்டே, கையை இழுக்காமல் நின்றாள்.

ஜன்னலை மறைத்த பலகை மட்டும் கிழியாமல் முழுசாக இருந்தது. ஏரியும் பாதி இறங்கி நின்ற அந்தப் படகும் அதில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா அதைச் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய்ச் சின்னம்மா வீட்டில் கொடுத்தார். அவள் கூரை வீட்டில் அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தடுப்பாக நின்று, கல்வீடு கட்டும்வரை, புகையேறிப் பழுப்பாகி, அந்த ஏரி அங்கே இருந்தது.

இப்போது நான் தஞ்சாவூரில் ஓர் அடுக்கு வீட்டில் இருக்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள். புதுவீடு கட்டுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நானும் பெரிய மனுஷிபோலச் சொல்வதுண்டு: மழைக்காலத்தில் வழுக்கிவிடும் பளபளப்புக் கல் வேண்டாம், தூசு சேரும் பொய்க்கூரை வேண்டாம், பிளாஸ்டிக் இலைச் சுவர் வேண்டாம், முடிந்தால் சிவப்புச் சிமெண்டுத் தரை போடுங்கள், காற்று வரும் திசையில் பெரிய ஜன்னல் வையுங்கள், அது என்றைக்கும் பழசாகாது. சொல்லும்போது எனக்கே நன்றாகத்தான் இருக்கும்.

போன கிறிஸ்துமஸுக்குப் பழைய வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்களைப் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல இளம் தம்பதி. கூடத்துக்கு ஏ.சி. வைத்து, ஜன்னலைச் செங்கல்லால் அடைத்து, சாம்பல் நிறத்தில் சுவரைப் பூசியிருந்தார்கள். வெளியே சுற்றிவந்து பார்த்தேன். வயல் இல்லை; மஞ்சள் வர்ணமடித்த எல்லைக்கற்கள், நடுவில் ஒரு தார்ச்சாலை, அரைகுறையாக எழும்பிய இரண்டு வீடுகள். மிச்சமிருக்கிற வயல்களிலும் இயந்திரம்தான் நடுகிறது. பிலோமி சின்னம்மா போய்ச்சேர்ந்து நான்கு வருடமாகிறது. "கேக்காம அடைச்சுட்டோம், மன்னிச்சுக்கங்கம்மா" என்று அந்தப் பெண் தயங்கினாள். "நல்லாத்தான்மா இருக்கு, குளுகுளுன்னு" என்றாள் அம்மா.

திரும்பும் வழியெல்லாம் நான் பொருமிக்கொண்டே வந்தேன். அத்தனை நல்ல ஜன்னல், இதுகளுக்கு ரசனையே கிடையாது, நாளைக்கே பிரிக்கச் சொல்லப்போகிறேன் என்றெல்லாம். ஆட்டோ புதாற்றுப் பாலத்தில் ஏறும்வரை அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"இருக்கட்டும் விடுடி. அந்தப் பக்கம் அவங்களுக்கு யாரு இருக்கா?"