சின்ன எம்

என் வீட்டுக்காரர் ஹரீஷ்குமாருக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள், பலர் அதோடு நிறுத்தியும்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேரிகை என்ற ஊரில் தக்காளி பயிரிடும் குடும்பம் அவருடையது. ஒன்பது வயதில் பார்வை முழுசாகப் போனது. இப்போது முப்பத்தாறு. ஓசூரில் வாடகை வீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறார், முகூர்த்த நாட்களில் சிவராஜ் அண்ணன் நடத்தும் ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறார். கோபம் வந்தால் வாயே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் கத்துவேன்.

மேடையில் இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றி உட்காரவைப்பார்கள். கூட்டம் உச்சுக்கொட்டும். அடுத்தவர் முடிவு செய்ததை இவர் வாசித்துவிட்டு வருவார். அது அவருக்குப் போதவில்லை. எந்த இடத்தில் யார் எதை வாசிக்க வேண்டும் என்று தானே எழுத வேண்டும், மைக்கில் தன் பேர் வர வேண்டும் என்று இருந்தார். இரண்டு வருஷம் இழுத்தடித்த சிவராஜ் அண்ணன் போன ஆவணியில்தான் இறங்கி வந்தார்.

"ஹரீஷு, சூளகிரி ரிசப்ஷனுக்கு ஆரம்ப மியூசிக் நீயே எழுதிக் குடு. கிட்டாருக்கும் வயலினுக்கும் பெங்களூர் பசங்க வர்றாங்க. ரிகர்சல் கெடையாது, பேப்பரப் பாத்துதான் வாசிப்பாங்க. சரியா வந்துச்சுன்னா இனிமே எல்லாமே நீதான். சொதப்புச்சுன்னா அப்புறம் எங்கிட்ட வந்து கேக்காத."

கண் தெரியாதவர் தாளில் எப்படி எழுதுவார் என்று கேட்பீர்கள். அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் இருக்கிறது. கோடும் புள்ளியும் வரைய வேண்டியதில்லை, வெறும் எழுத்தாகத் தட்டினால் அதுவே அச்சில் மாற்றிக்கொடுக்கும். தட்டுவதை ஒரு குரல் படித்துச் சொல்லும். கிட்டார்க்காரன் எந்தச் சுரங்களைச் சேர்த்து மீட்ட வேண்டும் என்று சொல்லும் எழுத்துக்குக் கார்டு என்று பேர்; அதை மேற்கோள் குறிக்குள் போட்டு, அந்தச் சுரத்துக்கு முன்னால் எழுத வேண்டும். சுரத்தை அசைத்து வாசிக்க ஒரு நெளிகோடு. தொட்டுவிட்டுப் போகும் குட்டிச் சுரங்களுக்கு அடைப்புக்குறி.

"கோட், கேப் ஏ, எம், கோட், டில்டா, ஈ." மூன்று வாரம் எங்கள் வீட்டில் கேட்டது இதுதான். கோட் என்றால் மேற்கோள் குறி, கேப் என்றால் பெரிய எழுத்து என்பதுவரை எனக்குப் பிடிபட்டது.

"யாருங்க அந்த டில்டா? நிமிஷத்துக்கு ஒருக்கா வர்றா?" என்றேன்.

"நெளிகோட்டுக்கு அதான் பேரு. சும்மா இரு வினோதா, எண்ணிட்டு இருக்கறேன்."

ஒரே ஒரு மேற்கோளை மூட மறந்தால் போதும், அதற்குப் பிறகு வரும் பாட்டு மொத்தமும் காணாமல் போகும். பாழாய்ப்போன குரல், "பிழை, வரி நாற்பது" என்று மட்டும் சொல்லும். என்ன பிழை என்று வாயைத் திறக்காது. அவர் முதலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக்கொண்டு வருவார். ஒருநாள் மூன்று மணி நேரம் அப்படிப் போனது. அந்தக் குரலுக்குக் கழுத்து இருந்திருந்தால் நானே நெரித்திருப்பேன்.

பாட்டைக் கம்ப்யூட்டரே வாசித்துக்காட்டும், அதை அவர் காதால் சரிபார்த்துக்கொள்வார். ஆனால் தாளில் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் நான். எனக்குச் சங்கீதம் தெரியாது. சிப்காட்டில் வண்டி பாகம் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. எட்டு மணி நேரம் விளக்கடியில் கீறல் தேடித் தேடி ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவேன். வீட்டுக்கு வரும்போது கண்ணில் மண்ணைக் கொட்டின மாதிரி எரியும்.

முதலில் எடுத்த தாளைப் பார்த்துவிட்டு நான்தான் சொன்னேன். "கார்டு எழுத்தெல்லாம் எங்கயோ உச்சியில நிக்குதுங்க. கொஞ்சம் கீழ எறக்குங்க."

எழுத்தை இறக்க எந்தக் கட்டளை என்று தேடவே அவருக்கு இரண்டு நாள் ஆனது. ரிசப்ஷனுக்கு முந்தின நாள், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இப்ப எப்பிடி இருக்குது? எழுத்து எதுமேலயும் ஏறலயே?"

"சரியா இருக்குதுங்க."

தாள் கவரை விட்டு வெளியே வரவே இல்லை. நான் பார்க்கவில்லை. 'சரியா இருக்குது' என்பது வாயில் தயாராக இருந்தது, சொல்லிவிட்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. நான் உலை வைக்கப் போனேன்.

மறுநாள் நாலு மணிக்கு மண்டபத்தில் சவுண்ட் செக். கிட்டார்ப் பையன் பிரதாப் தாளை ஸ்டாண்டில் வைத்து ஆரம்பித்தான். நாலு வரி தாண்டவில்லை, இவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பிரதாப், அது ஏ மைனர். நீங்க மேஜர் வாசிக்கறீங்க."

"பேப்பர்ல ஏ அஷ்டே இருக்கு சார்" என்றான் கன்னடம் கலந்து. ஏ மட்டும்தான் இருக்கிறது என்கிறான்.

மைனர் என்றால் ஏ எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எம் இருக்கும். அது இல்லாவிட்டால் மேஜர். இவர் ஒன்றும் அவன் ஒன்றுமாக வாசித்தால் இரண்டும் மல்லுக்கு நிற்கும், சங்கீதம் தெரியாத எனக்கே காது கூசியது.

சிவராஜ் அண்ணன் தாளை எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இறக்கி வைத்த எழுத்தின் மேல் அந்த நெளிகோடு ஏறி உட்கார்ந்திருந்தது. எம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு. நெளிகோடு வந்த இடமெல்லாம் இதே கதி. அண்ணன் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிரதாப்பைப் பார்த்துப் பேசாதே என்று கையைக் காட்டினார்.

"பையன் தப்பாப் படிச்சுட்டான் ஹரீஷு. இது வேணாம், விடு. எப்பவும் வாசிக்கறதையே வாசிச்சுட்டுப் போலாம்."

இவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. வாய் திறக்காத மனுஷன் அன்றைக்குத் திறந்தார். "படிக்கத் தெரியாத ஆள எதுக்குண்ணா கூட்டியாந்தீங்க? பேப்பர்ல தப்பு இருக்காது. வினோதா பாத்துட்டா. கம்பெனியில முடி அளவு கீறல்கூட அவ கண்ணுக்குத் தப்பாது."

பிரதாப் தலையைக் குனிந்துகொண்டான். யார் பெற்ற பிள்ளையோ, எனக்கு வரவேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு நின்றான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மூன்று வார உழைப்புதான் குப்பைக்குப் போயிருக்கும்.

"அந்தத் தம்பி மேல தப்பில்லைங்க. எம் எழுத்து மேல கோடு ஏறிருக்குது. நான் பாக்கல. பாக்காமயே சரின்னு சொல்லிட்டேன்."

தபேலாக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டார். இவர் என் பக்கம் கையை நீட்டி, "பேனா இருக்குதா?" என்றார்.

மேடை ஓரத்தில் உட்கார்ந்தோம். அவர் மனப்பாடமாக வரியும் கட்டமும் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு கறுப்புத் திட்டுக்கும் பக்கத்தில் எம் போட்டேன். மொத்தம் பதினேழு இடம். பாதியில் நிறுத்திக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடியும் இப்பிடிச் சொல்லிருக்கறயா?"

"சொல்லிருக்கறேன்."

"எத்தன தடவ?"

"தெரியலைங்க. நெறைய."

"சரி சரின்னு சொல்ல எனக்கு ஊரே இருக்குது வினோதா. அதுக்கு நீ எதுக்கு?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாள் நனைந்துவிடும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே மிச்சத்தையும் எழுதினேன். வெட்கமாக இருந்தது. என்மேலேயே எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

திருத்திய தாளைப் பிரதாப் ஒருமுறை வாசித்துக்காட்டியதும் அண்ணன் சரி என்றார். ஏழு மணிக்கு அவர் எழுதியதையே வாசித்தார்கள். முடிந்ததும் சிவராஜ் அண்ணன் மைக்கில், "இசை அமைப்பு ஹரீஷ்குமார்" என்றார். நன்றாகவே கை தட்டினார்கள். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"சூப்பரா இருந்துச்சுங்க."

அவர் படியில் நின்றுவிட்டார். "கேட்டியா? இல்ல சும்மா சொல்றியா?"

ஆரம்பத்திலிருந்து கடைசிவரை என் கண் பிரதாப்பின் விரலில்தான் இருந்தது. எங்கே ஒரு எம்மை விட்டிருப்பேனோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பாட்டு ஒரு வரிகூட என் காதில் ஏறவில்லை.

"கேக்கலைங்க. பயத்துல அந்தப் பையன் வெரலையே பாத்துட்டு நின்னேன்."

அவர் அடுத்த படியில் காலை வைத்தார்.

"இத நம்பறேன்" என்றார்.